கைப்பேசியில் ஓடும் வைஃபை மடிக்கணினியில் மட்டும் விட்டு விட்டுப் போகிறது

தென்னூர்க் கணக்கர்:
வணக்கம். திருச்சியில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறேன். மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் எனக்கு மூச்சு விட நேரமில்லை. சொல்லி வைத்தாற்போல அந்த நாட்களில்தான் வைஃபை காலை வாருகிறது. ஓடிபி கைப்பேசிக்கு வந்துவிடும். அதை இட வேண்டிய பக்கம் மடிக்கணினியில் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வைஃபை குறியில் கோடுகள் முழுதாக நிற்கின்றன. சில நேரம் தானாகச் சரியாகிறது, சில நேரம் மணிக்கணக்கில் இழுக்கிறது. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை.

ரௌட்டர் கூடத்தில் இருக்கிறது. நான் அடுத்த அறையில், நடுவே ஒரு செங்கல் சுவர். நான் இங்கே தவிக்கும்போது மாமியார் கூடத்துத் தொலைக்காட்சியில் இணையம் வழியாகத் தொடர் பார்க்கிறார். அது ஒரு நொடி நிற்பதில்லை. என் கைப்பேசியும் இதே மேசையில் நன்றாக ஓடுகிறது. இணைப்புத் தரும் நிறுவனம், “எங்கள் பக்கம் எல்லாம் சரி” என்று புகாரை மூடிவிட்டது. கணினி வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். புதிது வாங்கத்தான் வேண்டுமா?

நிழல்மரம்:
வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். சரியாகவில்லை என்றால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுங்கள். எனக்கு அப்படித்தான் தீர்ந்தது.

முன்னாள் வயர்மேன்:
தாக்கல் தேதியை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்வது நல்ல யோசனை இல்லை, நிழல்மரம். வருடக்கணக்காக அலுவலகங்களில் கேபிள் இழுத்தவன் நான். கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரியாமல் எதிலும் கை வைப்பதில்லை.

அம்மா, அடுத்த முறை தடுமாறும்போது கட்டளை தட்டும் கருப்புச் சன்னல் (கமாண்ட் பிராம்ட்) இரண்டைத் திறந்து, இரண்டிலும் பிங் கட்டளையை நிற்காமல் ஓட விடுங்கள். ஒரு முகவரி பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அது காட்டும். ஒன்று உங்கள் ரௌட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், ரௌட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். மற்றது வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் முகவரி 8.8.8.8க்கு. ரௌட்டர் ஒழுங்காகப் பதில் தந்து வெளி முகவரி மட்டும் திணறினால் கோளாறு வீட்டுக்கு வெளியே. ரௌட்டரே திணறினால் உங்கள் மேசைக்கும் கூடத்துக்கும் நடுவில்.

அதோடு விண்டோஸ் அமைப்புகளில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்தால் எந்த அலைவரிசை, அதற்குள் எந்தப் பகுதி, அதாவது எந்தச் சேனல் என்று இருக்கும். அதையும் எழுதுங்கள். அந்த நாட்களில் மட்டும் மேசைக்கு வந்து சேரும் பொருள் ஏதாவது உண்டா?

தென்னூர்க் கணக்கர்:
பார்த்துவிட்டேன் ஐயா. ரௌட்டரே திணறுகிறது. இரண்டு மூன்று மில்லி வினாடியில் வர வேண்டிய பதில் திடீரென்று நானூறு, எண்ணூறு என்று ஏறுகிறது, இடையிடையே பதிலே இல்லை. அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் 9. கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. மடிக்கணினி தேடும்போது அந்த 5 வகைப் பெயரே பட்டியலில் வருவதில்லை.

மேசைக்கு வரும் பொருள் என்றால், கடைக்காரர்களின் பழைய பில்களை வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க். தாக்கல் நாட்களில் மட்டும் பீரோவிலிருந்து எடுப்பேன். நீல நிறத் துளையில் செருகி, இடம் இல்லாததால் திரையின் பின்னால் சாய்த்து வைப்பேன். அதற்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?

முன்னாள் வயர்மேன்:
சம்பந்தம் நிறைய. அந்த நீலத் துளை யூஎஸ்பி 3.0. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது கேபிளிலிருந்தும் அதன் முனையிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் பரந்து கிடப்பது, 2.4 கிகாஹெர்ட்ஸும் அதற்குள் விழுகிறது. வைஃபை கேட்கும் அதே அலைவரிசையில் விழுவதால் வடிகட்டவும் வழியில்லை. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. பல மடிக்கணினிகளில் வைஃபை ஆண்டெனா திரையின் சட்டத்துக்குள் இருக்கும். டிஸ்கை அதன் முதுகிலேயே சாய்த்திருக்கிறீர்கள்.

கோடுகள் முழுதாக நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை ரௌட்டரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் காட்டும். பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் என்பதைக் காட்டாது. மிக்சி ஓடும்போது பேசுகிறவரின் குரல் குறைவதில்லை, நமக்குத்தான் கேட்பதில்லை. டிஸ்க் சும்மா கிடக்கும்போது கசிவு குறைவு, பில்களைத் திறக்கும்போது அதிகம். “தானாகச் சரியாகிறது” என்றீர்களே, அது இதனால்தான் இருக்கும்.

முதலில் டிஸ்கைப் பத்திரமாக வெளியேற்றிவிட்டு, பிங் ஓட்டத்தைப் பாருங்கள். எண்கள் இறங்கினால் ஐயமே வேண்டாம். பிறகு அதைக் கருப்பு நிற யூஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள். கோப்பு நகர்வது மெதுவாகும்; பில் பார்க்க அந்த வேகம் தாராளம். கருப்புத் துளை இல்லையென்றால் கவசம் உள்ள நல்ல கேபிள் வாங்கி, டிஸ்கைத் திரையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். கடையில் கிடைக்கும் மலிவு கேபிள்கள்தான் இந்தக் கசிவில் முன்னணி.

ரௌட்டர் அமைப்பில் சேனலையும் மாற்றிவிடுங்கள். 9 என்பது 6, 11 இரண்டோடும் மோதும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மடிக்கணினியில் இணையக் கேபிள் செருகும் லேன் துளை இருந்தால் தாக்கல் நாட்களில் கூடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். நான் வயர்மேன் என்பதால் சொல்லவில்லை; அதற்கு நிகர் எதுவும் இல்லை.

தென்னூர்க் கணக்கர்:
டிஸ்கை வெளியேற்றியதும் எண்கள் மூன்று, நான்கு என்று இறங்கிவிட்டன. செருகினால் ஏறுகின்றன. வீட்டில் எல்லோரையும் அழைத்துக் காட்டினேன். கருப்புத் துளைக்கு மாற்றிய பிறகு பில்களைத் திறந்துகொண்டே தளத்தில் வேலை செய்ய முடிகிறது. சேனலை 1க்கு மாற்றியிருக்கிறேன். நன்றி ஐயா.

கீழ்வீதி:
வயர்மேன் ஐயா, எனக்கு நேர்மாறு. 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறேன். எப்போதாவது ஒரு நிமிடம் போல வைஃபையின் பெயரே காணாமல் போய்த் திரும்பி வருகிறது. டிஸ்க் எதுவும் இல்லை.

முன்னாள் வயர்மேன்:
சேனல் எண் 52க்கும் 144க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை ரேடாருடன் பகிரும் சேனல்கள். ரேடார் அலை காதில் விழுந்ததாக ரௌட்டர் நினைத்தாலே போதும், விதிப்படி அங்கிருந்து விலக வேண்டும். போய்ச் சேரும் சேனலும் அதே வகை என்றால் ஒரு நிமிடமாவது கேட்டுப் பார்த்த பிறகுதான் ஒலிபரப்பலாம். தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு 36 முதல் 48 வரையில் ஒன்றை வையுங்கள். அதற்குப் பிறகும் மறைந்தால், ரௌட்டரின் பதிவேட்டில் (லாக்) அந்த நேரத்து வரிகளை இங்கே ஒட்டுங்கள்.