மெக்சிகோ 2021: 278 இடம் வந்தும் மொரேனாவுக்குப் பின்னடைவா?

கேள்வி:
2021 ஜூன் 6-ல், அதிபர் காலத்தின் நடுவே வந்த இடைக்காலத் தேர்தலில், கீழவையில் ஆளுங்கட்சியான மொரேனா 198, தோழமைக் கட்சிகளான பசுமைக் கட்சி 43, தொழிலாளர் கட்சி 37. மொத்தம் 500-ல் 278. பாதியைத் தாண்டியும் அப்போதைய அதிபர் லோபஸ் ஒப்ரதோருக்கு அடி என்கிறார்களே, ஏன்? 200 இடங்களுக்குத் தொகுதியே கிடையாதாமே?

பதில் 1:
251 இருந்தால் சாதாரண மசோதா தாராளமாக நிறைவேறும். பட்ஜெட் செலவினத்துக்குக் கீழவை ஒப்புதலே போதும், மேலவையான செனட்டுக்குப் போகாது. சிக்கல் அரசியல் சாசனத் திருத்தத்தில்தான். இரு அவைகளிலும் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதன் பிறகு 32 மாநில அவைகளில் 17-ன் சம்மதமும் வேண்டும்.

2022 ஏப்ரல் 17-ல் மின்சாரத் திருத்தம் இப்படித்தான் விழுந்தது. ஆதரவு 275, எதிர்ப்பு 223. 498 பேருக்கு 332 தேவை, 57 குறைந்தது. ஆனால் மறுநாளே லித்தியத்தை அரசுடைமையாக்கும் சுரங்கச் சட்டத் திருத்தம் கீழவையில் நிறைவேறியது. அது வெறும் சட்டம், சாசனம் அல்ல. 278-ன் பலமும் பலவீனமும் அந்த ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

பதில் 2:
இடப் பங்கீடு: 300 தொகுதிகளில் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார், நம்மூர் மாதிரியே. மீதி 200, ஐந்து மண்டலங்களில் தலா 40 வீதம், கட்சிப் பட்டியலிலிருந்து. 3% வாக்கு வாங்காத கட்சிக்குப் பட்டியல் இடம் கிடையாது, பதிவும் போய்விடும். 2021-ல் மூன்று புதுக் கட்சிகள் அப்படித்தான் காணாமல் போயின.

எந்தக் கட்சியும் 300-ஐத் தாண்டக் கூடாது. வாக்கு சதவீதத்தைவிட இட சதவீதம் 8 புள்ளிக்கு மேல் போகவும் கூடாது. இதைச் சுற்றி வர, தன் ஆளையே தோழமைக் கட்சிக் கணக்கில் நிறுத்தும் வித்தை 2018-ல் அமோகமாக நடந்தது. அதனால் 2021-ல் தேர்தல் ஆணையம், ஜெயித்தவர் உண்மையில் எந்தக் கட்சி உறுப்பினர் என்று பார்த்துக் கணக்கிட்டது.

பதில் 3:
இதோடு எதிர்க்கட்சி ஒற்றுமையையும் சேருங்கள். 2018-ல் தேசியச் செயல் கட்சியும் பிஆர்ஐயும் (நிறுவனப் புரட்சிக் கட்சி) தனித்தனியாக நின்று வாக்கைச் சிதறடித்தன. 2021-ல் பரம எதிரிகளான இவ்விரண்டும் பிஆர்டியோடு (ஜனநாயகப் புரட்சிக் கட்சி) சேர்ந்து 219 தொகுதிகளில் பொது வேட்பாளரை நிறுத்தின. மெக்சிகோ சிட்டியின் 16 பகுதிகளில் 9-ஐ எதிர்க்கட்சிகள் பிடித்தன.

ஆனால் ஒன்று: செனட்டில் மொரேனா அணிக்கு 2018-லேயே மூன்றில் இரண்டு கிடையாது. செனட்டர்களின் காலம் ஆறாண்டு, 2021-ல் அங்கே தேர்தலே இல்லை. எனவே எல்லாப் பழியையும் இடைக்காலத் தேர்தல் மேல் போட முடியாது.

கேள்வி கேட்டவர்:
8% வரம்பு கூட்டணி முழுவதற்கும் பொருந்துமா?

பதில் 2:
இல்லை, கட்சிக்குக் கட்சி தனிக்கணக்கு. அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. 2024-ல் இதே மூன்று கட்சிகள் சுமார் 55% வாக்கோடு 364 இடம் பிடித்தன, அதாவது அவையில் கிட்டத்தட்ட 73%.