புதுப்பிப்பு: ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் போட்ட பழைய ஜிப்சி, கரும்புகை நின்றது

1998 ஜிப்சியில் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய பாகம்) எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் போட்டதிலிருந்து கரும்புகை தள்ளுகிறது, மைலேஜே இல்லை என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி, வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது.

இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தோம், டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினோம், பலனில்லை. "ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருக்கா பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் சரியான பதில். எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த சென்சார். என்ஜின் ஆறியதும் சைலன்சர் வழியாகக் காற்றடித்துக்கொண்டே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம், மூன்றாவது சிலிண்டர் பக்கம் குபுகுபுவென்று குமிழ் வந்தது, கழற்றினால் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் புகை கசிந்த கரிக்கோடு. அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே போக, சென்சார் ஆக்ஸிஜன் அதிகம் என்று சொல்ல, ஈசியூ (பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் கம்ப்யூட்டர்) பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது. புது கேஸ்கெட் போட்டதும் புகை நின்றது.

எதிர்பாராதது ஒன்று. மிச்ச பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் பழைய ரிட்டர்ன் லைன் ஒல்லி, அதனால் 3 பார் இருக்க வேண்டிய பெட்ரோல் பிரஷர் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) அதற்கு மேல் ஏறி நின்றது. அகலமான லைன் போட்டதும் சரியானது. அப்புறம், கார்புரேட்டர் ஹோஸை இந்த பிரஷருக்குத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள், இன்ஜெக்‌ஷன் ஹோஸ்தான் போட வேண்டும்.