புதுப்பிப்பு: டீம் கோல்ஃப் அவுட்டிங், இருட்டுறதுக்குள்ள முடிஞ்சுது

பாதிப் பேர் புதுசு, பாதிப் பேர் நல்லா ஆடுறவங்க, 18 ஹோலையும் நாள் பூரா இழுக்காம எப்படி முடிக்கிறதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்தாச்சு.

ஸ்க்ராம்பிள் முறையில ஆட வைங்கன்னு சொன்னவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. நாலு பேரும் அடிக்கிறாங்க, நல்லா விழுந்த ஒரு பந்தை வச்சு மறுபடி நாலு பேரும் அங்கேருந்தே அடிக்கிறாங்க, அதனால புதுசா வந்தவங்க ஆளுக்கொரு புதர்ல பந்து தேடிட்டு நிக்கிற கதையே இல்ல. தேடணும்னாலும் 3 நிமிஷம்தான்னு கிளம்பும்போதே சொல்லிட்டேன், 2019-ல ரூலை மாத்துறதுக்கு முன்னாடி அது 5 நிமிஷம். குழியில நிக்கிற கொடியை எடுக்காமலே பட் பண்ணலாம்ங்கறதும் (பட்னா பந்தைக் குழிக்குள்ள உருட்டி விடுறது) அப்ப வந்ததுதான், அதுலயும் நல்லாவே நேரம் மிச்சம்.

ஆனா நேரம் போனது அடிக்கிறதுல இல்லங்க, கிரீன்லதான், அதாவது குழியைச் சுத்தி இருக்குற புல்தரையில. கார்ட்டை முன்பக்கமே நிறுத்திட்டு பட் முடிச்சதும் திரும்ப நடந்து வர்றது, அங்கேயே நின்னு ஸ்கோர் எழுதுறது, பின்னாடி குரூப் கையைக் கட்டிட்டு பாத்துட்டு நிக்குது. அடுத்த ஹோலை ஆரம்பிக்கிற இடத்துக்குப் போற பக்கமா நிறுத்துங்க, ஸ்கோரை அங்க போய் எழுதுங்கன்னதும் சரியாயிடுச்சு. எங்க மேனேஜர் மட்டும் ரெண்டடி தூர பட்டுக்கு மண்டி போட்டு பந்து போற லைன் பாத்தாரு, அவருகிட்ட யாரு சொல்றது!

பார் 3 ஹோல்ல (மூணு அடியில முடிக்க வேண்டிய குட்டி ஹோல்) மட்டும் கூட்டம் சேருது, அதுக்கு ஏதாவது ஐடியா இருந்தா சொல்லுங்க.