மன்னர் முத்தமிட்ட புத்தகம்: டன்ஃபர்ம்லினில் ஒரு பிற்பகல்

ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் நகரில், பழைய மடாலயத் தேவாலயத்தை ஒட்டி, இளஞ்சிவப்புப் பூச்சுடன் அபட் ஹவுஸ் என்ற வீடு நிற்கிறது. 1624-இல் நகரின் பெரும்பகுதியை அழித்த தீக்குத் தப்பிய வீடு அது. அங்கே அருங்காட்சியகம் இயங்கிவந்த காலத்தில், ஸ்காட்லாந்தின் அரசியாக இருந்த புனித மார்கரெட்டின் வாழ்க்கையை ஒரு பிற்பகலில் நடித்துக் காட்டினார்கள். வீடு பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசியோ 1093-இலேயே மறைந்தவர். ஆனாலும் அவர் எழுப்பிய தேவாலயத்தின் அடித்தளம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், இன்றைய மடாலயத்தின் தரைக்கு அடியில் கிடக்கிறது என்பதால், இடம் பொருந்தியே இருந்தது.

மேடையோ ஒலிபெருக்கியோ இல்லை. சிறிய அறையில் சுவரோரமாக நாங்கள் பதினைந்து பேர் நின்றிருந்தோம். அரசியாக நடித்த, கம்பளி அங்கி அணிந்த பெண்மணி ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்க, அரசியின் கணவரான மன்னர் மூன்றாம் மால்கமாக நடித்தவர் பின்னாலிருந்து வந்து, அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினார். திறக்கவில்லை. அட்டையைப் பெருவிரலால் தடவி, முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மால்கமுக்கு எழுத்து தெரியாது. மனைவி விரும்பிப் படித்த நூல்களை முத்தமிடுவார், அவற்றுக்குப் பொன்னும் மணியும் பதிக்கச் சொல்வார் என்று அரசியின் வரலாற்றை எழுதிய டர்கோ என்ற துறவி குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிய விதத்தில்தான் எனக்கு இந்த வகை நடிப்பின் மீதே மதிப்பு பிறந்தது.

"அரசருக்குப் படிக்கத் தெரியாதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அரசியாக நின்றவர் வேடத்தைக் கலைக்காமல், "எனக்கு உங்கள் நாட்டுக் கேலிக் மொழி வராது, கண்ணே. குருமார் சபையில் நான் பேசியதையெல்லாம் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் அவர்தான்" என்றார். இதுவும் டர்கோ சொல்லும் செய்திதான். தெரியாததைப் புனைந்து நிரப்பாமல், பதிவில் உள்ளதையே பேச்சாக்கும் இந்தப் பொறுப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறகு அரசியின் நற்செய்தி நூல் ஆற்றில் விழுந்த கதை வந்தது. ஆற்றைக் கடக்கையில் தவறி விழுந்த அந்நூலை அடியிலிருந்து எடுத்தபோது, பொன்னெழுத்துகளைக் காத்த பட்டுத் துணிகளை மட்டுமே நீர் கொண்டுபோயிருந்ததாம். அந்த நூலை ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம் 1887-இல் 6 பவுண்டுக்கு வாங்கியது; யாருடைய நூல் என்பது, நிகழ்ச்சியை விவரித்து அதிலேயே எழுதப்பட்டிருந்த ஒரு பாடலால் பின்னர் தெரியவந்தது.

கடைசிக் காட்சி எடின்பரோ கோட்டையில் நடப்பது. வட இங்கிலாந்தின் அல்நிக்கில் மால்கமும் அரசியின் மூத்த மகன் எட்வர்டும் கொல்லப்பட்ட சில நாட்களில், நோயுற்றுக் கிடக்கும் அரசியிடம் இன்னொரு மகன் வருகிறான். தந்தையும் அண்ணனும் எப்படி இருக்கிறார்கள் என்று தாய் கேட்கிறாள். நலம் என்று சொல்ல வாயெடுத்த இளைஞனால் முடிக்க முடியவில்லை; அங்கியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். "எனக்குத் தெரியும், மகனே" என்றார் அரசி. அறையில் யாரும் அசையவில்லை.

வெளியே வந்து, தேவாலயத்தின் கிழக்குப் பக்கம் திறந்தவெளியில் எஞ்சியிருக்கும் அவருடைய நினைவிடத்தின் கல் அடித்தளத்தைப் பார்த்தேன். கேள்வி கேட்ட சிறுமி எனக்கு முன்பே அங்கு வந்து, கம்பி வேலிக்கு வெளியே நின்றபடி தன் தாயிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.