வளவுல கரோக்கி பாடின ராத்திரி, உங்க வீட்டுக் கதையும் சொல்லுங்க

பள்ளத்தூர் பேத்தி:

போன மாசம் பெரியப்பச்சிக்கு, அதான் பெரியப்பாவுக்கு, சாந்தி (அறுபதாங் கல்யாணம்), செட்டிநாட்டுல எங்க பள்ளத்தூர் வீட்டுலயே வச்சு நடந்துச்சு. மொத நாள் சாயங்காலமே சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர்னு பங்காளி வீட்டு ஆளுக எல்லாம் வந்து இறங்கிட்டாக, வருசத்துல முக்காவாசி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு அன்னிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளா இருந்துச்சு. இடியாப்பமும் கோசமல்லியும் சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் வளவுல, அதான் நடு முத்தத்தச் சுத்தி இருக்கிற எடத்துல, சமுக்காளத்த விரிச்சு உக்காந்திருந்தப்ப என் சித்தப்பா பையன் ஒரு ஸ்பீக்கரையும் ரெண்டு மைக்கையும் கொண்டாந்து வச்சு, லேப்டாப்ப முத்தத்து ஓரமா ஒரு ஸ்டூல்ல நிறுத்தி கரோக்கி ஆரம்பிச்சான், அதான் குரல் இல்லாம வாத்தியம் மட்டும் ஓட, நாம பாடுறது.

சின்னப் பிள்ளைக பாடுச்சுக, அத்தான்மார் பாடினாக, அதெல்லாம் எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான், நான் எழுத வந்தது எங்க அப்பத்தாவப் பத்தி. அவுகளுக்கு 78 வயசு. இரட்டை வீட்டு அறை வாசக்கால்ல சாஞ்சு உக்காந்து எல்லாருக்கும் கை தட்டிக்கிட்டு இருந்தாக. யாரோ "நீங்க ஒண்ணு பாடுங்க ஆச்சி"னு சொல்லவும் மொதல்ல வேணாம்னாக, அப்பறம் கல்யாணமான புதுசுல சிலோன் ரேடியோல கேட்ட ஒரு பாட்டச் சொல்லி அது இருக்கானு கேட்டாக. இருந்துச்சு. டிராக் ஓடுது, அப்பத்தா மைக்க ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு ஆரம்பிக்கிறாக, ரெண்டாவது வரியில மேல போக வேண்டிய எடத்துல குரல் எட்டல. மைக்க மடியில வச்சுட்டு "எனக்கு வராதாத்தா, நீங்க பாடுங்க"னுட்டாக. அந்த மொகத்த என்னால இன்னும் மறக்க முடியல. அவுக தப்பாப் பாடல, அந்த டிராக் பாடின ஆம்பளைக்காக வாசிச்சது, அவ்வளவுதான்.

என் தம்பி அத விடல. "அப்பத்தா ஒரு நிமிசம் இருங்க"னு சொல்லி லேப்டாப்புல ஸ்கேல, அதான் சுதிய, ஒவ்வொரு படியா இறக்கிப் பாத்தான், அவுகள முணுமுணுக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே. மைனஸ் 5-ல வந்து நின்னுச்சு. வேகத்தையும் கொஞ்சம் கொறச்சான். திரும்பப் போட்டதும் அப்பத்தா முழுப் பாட்டையும் பாடினாக, ஒரு சொல்லு விடாம. 60 வருசத்துக்கு முன்னாடி கேட்ட பாட்டு, திரையப் பாக்கவே இல்ல. ஐயா, அதான் அப்பத்தா வீட்டுக்காரரு, இறந்து 9 வருசமாச்சு, அதுக்கப்பறம் அப்பத்தா குரலு அவ்வளவு தெம்பா வந்து நான் கேட்டதில்ல. என் அப்பச்சி, அதான் அப்பா, எந்திரிச்சு முகப்புப் பக்கம் போயிட்டாக, கண்ணத் தொடைக்கத்தான்.

இன்னும் ஒண்ணு. பாட்டு முடிஞ்சதும் என் தம்பி ஸ்பீக்கர்ல எக்கோவ சுத்தமா அணைச்சுட்டான், ஏன்னா நம்ம வீட்டுக்கே எக்கோ இருக்கு. சுண்ணாம்பு பூசின வழவழப்பான சுவரு, ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரை, தேக்குத் தூணு, ஒரு தடவ கை தட்டினா பட்டாலைக் கூடம் வரைக்கும் கேக்கும். அதுல மெஷின் எக்கோவையும் சேத்தா சொல்லே புரியாது. உங்க வீடுகள்லயும் கரோக்கி பாடியிருந்தா சொல்லுங்க, வெளிய போயி பாடினதும் சொல்லலாம்.

காரைக்குடி கழனிவாசல்:

படிச்சு முடிச்சதும் மனசு கனத்துப் போச்சுங்க. எனக்கு இதே விசயத்துல வேற மாதிரி ஒரு அனுபவம். கல்யாண நாளுக்கு வீட்டம்மாவ வெளிய கூட்டிட்டுப் போனேன், ஒரு ஓட்டல்ல சனிக்கிழமை ராத்திரி கரோக்கினு போட்டிருந்தாங்க, பேரு வேணாம். துண்டுச் சீட்டுல பாட்டு எழுதிக் குடுக்கணும், வரிசைப்படி கூப்பிடுவாங்க. என் வீட்டம்மா காலேஜ்ல பரிசு வாங்கின பாடகி, கல்யாணத்துக்கப்பறம் சமையக்கட்டுல மட்டும்தான் பாட்டு. அன்னிக்கு அவங்களே சீட்டு எழுதிக் குடுத்தாங்க, எனக்கு அவ்வளவு சந்தோசம். மேடையில நின்னதும் டிராக் ரொம்ப ஏத்தமா வந்துச்சு, ரெண்டு படி இறக்குங்கனு கேட்டாங்க, ஆபரேட்டரு "அப்படியே பாடுங்க மேடம், பின்னாடி ஆளு நிக்குது"னு சொல்லிட்டாரு. ஒரு பட்டனு அழுத்துற வேலை அது. பாதியில குரல் உடைஞ்சு இறங்கி வந்தாங்க, வீடு வர்ற வரைக்கும் பேசல. அதுக்கப்பறம் ஒரு வருசம் பாடவே இல்ல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு.

ஆனா அதே ராத்திரியில நல்லதும் ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லணும். ஒரு பெரியவர் கண்ணதாசன் எழுதின பாட்டு ஒண்ணு எடுத்தாரு. சிறுகூடல்பட்டியில 1927-ல பொறந்த மனுசன், நம்ம மண்ணு. மணிமண்டபமே நம்ம ஊர்லதான் இருக்கு. பல்லவி முடியிறதுக்குள்ள மேசைக்கு மேசை எல்லாரும் சேந்து பாட ஆரம்பிச்சுட்டாங்க, சப்ளையர் உள்பட. நம்ம பக்கம் பாட்டோட சம்பந்தம் அப்படி, 1948-ல மெட்ராஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஏவிஎம் ஸ்டூடியோவே காரைக்குடியிலதான இருந்துச்சு. அந்தப் பெரியவர் சுதி சேராமத்தான் பாடினாரு, யாரும் அதக் கேக்கவே இல்ல, அவ்வளவு பேரு கூடப் பாடுறப்ப எங்க கேக்கும்.

சிங்கப்பூர்ல இருக்கும் தேவகோட்டைக்காரன்:

இங்க லீவு நாள்ல நாங்க ஒரு 6 பேரு சேந்து கேடிவினு சொல்ற கரோக்கி ரூம் எடுப்போம், மணிக் கணக்குல வாடகை. சின்ன ரூம், சோபா, பெரிய டிவி, ரிமோட்டுலயே ஸ்கேல் ஏத்தவும் இறக்கவும் பட்டன் இருக்கும். வெளிய சத்தம் போகாது, தெரியாத ஆளு யாரும் பாக்க மாட்டாங்க, அதனால கூச்சப்படுற ஆளுகூட மூணாவது பாட்டுல எந்திரிச்சு நின்னுருவான். கப்பல் பட்டறையில வேலை பாக்குற தம்பி ஒருத்தன், புதுவயல் பக்கம் ஊரு, ஊர்ல அம்மாவுக்குப் புடிச்ச பாட்டா பாத்துப் பாடுவான், வீடியோ கால்ல அம்மா கேட்டுக்கிட்டு இருப்பாங்க. மணி முடிஞ்சு லைட்டு போட்டாலும் அவன் பாட்டு முடிஞ்சாத்தான் கிளம்புவோம்.

அந்த மைனஸ் 5 கதையப் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கரோக்கிங்கிறது ஜப்பான் சொல்லு, காரான்னா வெறுமை, ஓகேங்கிறது ஆர்கெஸ்ட்ராவோட சுருக்கம், அதாவது பாடகன் இல்லாத வாத்தியம். 1967-ல டோக்கியோவுல ஷிகெய்ச்சி நெகிஷினு ஒருத்தர் ஒரு மெஷின் செஞ்சாரு. அவரப் பத்தித் தெரியாமலே 1971-ல கோபே நகரத்துல டைசுகே இனோவேனு ஒரு வாத்தியக்காரரு தனியா ஒண்ணு செஞ்சாரு. இவரு பார்கள்ல வாடிக்கையாளருங்க பாட, பின்னாடி வாசிக்கிறவரு. ஒரு சின்ன கம்பெனி முதலாளிக்கு இவரு வாசிச்சாத்தான் பாட வரும், ஏன்னா அவரு குரலுக்கும் அவரு வேகத்துக்கும் ஏத்த மாதிரி வாசிப்பாரு. அந்த முதலாளி வெளியூர் போறப்ப கூட வரச் சொல்லியிருக்காரு, இவரால போக முடியல, வாசிச்சு டேப்புல பதிஞ்சு குடுத்து விட்டாரு. அங்கதான் யோசனை வந்துச்சு. காருல வைக்கிற 8 டிராக் டேப்பு, ஆம்ப்ளிஃபையர், மைக்கு, 100 யென் காசு போடுற பெட்டி, எல்லாத்தையும் சேத்து 11 மெஷின் பண்ணி பார்களுக்கு வாடகைக்கு விட்டாரு. பேட்டன்ட் எடுக்கல. 2004-ல இக் நோபல்னு, நோபல் பரிச வேடிக்கையாக் கிண்டல் பண்ணிக் குடுக்குற ஒரு பரிசு, அதுல அமைதிக்கான பிரிவுல இவருக்குக் குடுத்தாங்க.

அப்ப பாருங்க, பாடுற ஆளுக்காக வாத்தியம் இறங்கி வர்றதுல பொறந்ததுதான் இது. காரைக்குடி அண்ணன் சொன்ன அந்த ஆபரேட்டரு அதத்தான் மறந்துட்டாரு.

கண்டனூர் மைக் செட்:

நான் 20 வருசமா கல்யாணம், காதுகுத்து, திருவிழானு செட்டு போடுறேன். இப்ப எங்க போனாலும் கரோக்கி கேக்குறாங்க, அதனால தெரிஞ்சதச் சொல்றேன். பெரிய வீட்டுல பண்றவங்க பட்டாலைக்குள்ள ஸ்பீக்கர வைக்காதீங்க, சுத்தியும் கல்லும் சுவருமா சத்தம் மோதி மோதி வரும். வளவுல முத்தத்தப் பாத்து வைங்க, மேல வானம் தெறந்திருக்கிறதால பாதிச் சத்தம் வெளிய போயிரும், பேச்சு தெளிவா இருக்கும். தரையில சமுக்காளம், ஓரத்துல மெத்தை, தலகாணி எது கெடச்சாலும் போடுங்க, அதுவே சத்தத்தக் குடிக்கும். அம்பது பேரு உக்காந்துட்டாலே பாதி சரியாயிரும், அதனால ஆளு வர்றதுக்கு முன்னாடி செட்டிங்க முடிவு பண்ணிராதீங்க.

கூனு ஊளையிடுறது மைக்கு ஸ்பீக்கரப் பாக்குறதால. பாடுறவங்க ஸ்பீக்கருக்குப் பின்னாடி நிக்கணும். மைக்குத் தலைய உள்ளங்கையால மூடிப் புடிச்சாலும் கூவும், சின்னப் பிள்ளைக எல்லாம் அப்படித்தான் புடிக்குது. அப்பறம் ப்ளூடூத். பாட்டு மட்டும் ஃபோன்லேர்ந்து ப்ளூடூத்துல வந்து மைக்கு வயர்ல ஸ்பீக்கருக்கு நேராப் போனா தொந்தரவு இல்ல. ஆனா குரலும் ஃபோனுக்குள்ள போயி ப்ளூடூத் வழியா சுத்தி வந்தா ஒரு நொடியில சின்னப் பங்கு தாமசமாகும், பாடுறவங்களுக்கு தன் குரலே பின்னாடி வர்ற மாதிரி இருந்து தாளம் விட்டுப் போயிரும். பாட வரலனு நினைச்சு விட்டவங்க பலபேருக்கு வயருதான் பிரச்சினை. ராத்திரி 10 மணிக்கு மேல வெளிய சத்தம் போற மாதிரி வைக்காதீங்க, சட்டமும் அதான், பக்கத்துல படிக்கிற பிள்ளைக இருக்கும்.

பாட்டு டீச்சர்:

மைனஸ் 5 ஏன் சரியா வந்துச்சுனு கேட்டா, சுதிய கட்டைனு அளப்போம், ஆம்பளைக பெரும்பாலும் 1, 1.5 கட்டையில பாடுவாங்க, பொம்பளைக 5, 5.5 கட்டை. ஒரு ஸ்தாயிக்கு, அதான் ச-லேர்ந்து மேல் ச வரைக்கும், மொத்தம் 12 படி. 1 கட்டையிலேர்ந்து 5 கட்டைக்குப் போக 7 படி ஏத்தணும், இல்ல 5 படி இறக்கணும், ரெண்டும் ஒரே சுதியிலதான் வந்து நிக்கும். இறக்குறது கொறஞ்ச படிங்கிறதால வாத்தியச் சத்தம் அவ்வளவா கெடாது, ஏத்தினா வயலின் எல்லாம் கீச்சுனு ஆயிரும். ஆம்பளப் பாட்ட பொம்பளைக பாடினா மொதல்ல மைனஸ் 5 வச்சுப் பாத்து, ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன நகத்துங்க. வயசானா குரலு இன்னும் கொஞ்சம் இறங்கும், அது கொறை இல்ல.

இன்னொரு விசயம், எத்தனையோ டிராக்குல பாட்டு வரி இங்கிலீசு எழுத்துல ஓடுது. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அது ஒதவாது. நான் நோட்டுல தமிழ்ல பெருசு பெருசா எழுதி வச்சிருக்கேன், பக்கத்துக்கு 8 வரி, இடையிசை வர்ற எடத்துல சிவப்புக் கோடு. என் மாமியார் அந்த நோட்ட பூசை அலமாரியில பத்திரமா வச்சிருக்காங்க.

பள்ளத்தூர் பேத்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காரைக்குடி அண்ணா, வீட்டம்மாவ இன்னொரு தடவ கூட்டிட்டுப் போங்க, வெளிய வேணாம்னா வீட்டுலயே, நீங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கிறப்ப. மொதல்ல அவுக சுதியக் கண்டுபுடிச்சு குறிச்சு வச்சுக்கங்க.

மறந்துபோன ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி ஸ்பீக்கர அணைச்சதுக்கு அப்பறம் என் அக்கா மகள் தூங்காம அழுதுச்சு. அப்பத்தா அத மடியில போட்டுக்கிட்டு எங்க வீட்டுத் தாலாட்டப் பாடினாக, மைக்கு இல்ல, டிராக்கு இல்ல. மாமன் என்னென்ன சீர் கொண்டு வருவாகனு அடுக்கிக்கிட்டே போற தாலாட்டு. நாங்க எல்லாரும் படுத்துக்கிட்டே கேட்டோம், வளவு முழுக்க அந்தக் குரல் மட்டும்தான். முன்னாடி பாடலேன்னா பாடியிருப்பாகளான்னு தெரியல. ஃபோன்ல பதிஞ்சு வச்சிருக்கேன், 11 நிமிசம் இருக்கு.

நேத்து அப்பத்தா ஃபோன் பண்ணினாக. பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் அப்பச்சி வீட்டுல கூடுறோம், நோன்புச் சடங்கான இழை எடுக்கிறத முடிச்சதும் பாடலாம்னு பேச்சு. "அந்தப் பொட்டிய மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு தம்பிய"னாக. சரினேன். ஃபோன வைக்கப் போற நேரத்துல, "எனக்கு அஞ்சு கொறச்சு வைக்கணும், ஞாபகம் இருக்குல்ல"னாக.