ஐசியூவில் இருக்கும் அப்பாவிடம் என்ன பேசுவது?

தெருவிளக்கு:
அப்பாவுக்கு நுரையீரல் தொற்று முற்றி வென்டிலேட்டரில் இருக்கிறார். இனி மருந்து கேட்காது, சில நாள்தான், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயக்க மருந்து ஓடுவதால் கண்ணே திறப்பதில்லை. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் உள்ளே விடுகிறார்கள், ஆனால் போய் நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை, மானிட்டரில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு "வரேம்ப்பா" என்று சொல்லி வெளியே வந்துவிடுகிறேன். அவர் காதில் விழுமா? விழும் என்றால் விடைகொடுப்பது போலப் பேசினால் பயந்துவிட மாட்டாரா? அம்மா வேறு, அவர் முன்னால் யாரும் அழக்கூடாது, சரியாகிடும்னு மட்டும் சொல்லுங்க என்று கறாராக இருக்கிறார். அண்ணன் வெளிநாட்டில், வந்து சேர்வானா தெரியவில்லை.

இரவுப்பணி:
ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். காதில் விழுகிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள், நாங்களும் அப்படித்தான், மயக்கத்தில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போதுகூட "ஐயா, திருப்பப்போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்போம். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நினைவு தப்பி, சாவுக்கு மிக அருகில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, ஒலி மாறியதும் சிலரின் மூளை நல்ல உடம்போடு இருப்பவர்களுடையது போலவே அதைக் கவனித்திருக்கிறது. சொன்னது புரிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவுக்கு மயக்க மருந்தும் சேர்ந்திருப்பதால் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன்.

அப்புறம், கட்டில் ஓரக் கம்பியை இறக்கிவிடச் சொல்லுங்கள். யாரும் கேட்பதில்லை, அதனால்தான் எல்லோரும் காலடியிலேயே நிற்கிறார்கள். எந்தக் கையைப் பிடிக்கலாம் என்று நர்ஸிடம் கேட்டுப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். பேசும்போது துடிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு அர்த்தம் தேட வேண்டாம், எண்கள் எங்கள் வேலை. நேரக் கட்டுப்பாட்டை இந்த நிலையில் பல இடங்களில் தளர்த்துவார்கள், பொறுப்பு நர்ஸிடம் கேளுங்கள்.

பவளமல்லி:
அம்மாவோடு மல்லுக்கட்டாதீர்கள். சரியாகிடும் என்பது அவர் தனக்கே சொல்லிக்கொள்வது. பொய்யும் சொல்லாமல் சாவுப் பேச்சும் எடுக்காமல் பேச எவ்வளவோ இருக்கிறது. எங்கள் அம்மா படுத்திருந்தபோது நான் என்னென்னவோ பேச வேண்டும் என்று மனதுக்குள் கோத்துவைத்துக்கொண்டு போனேன். தங்கை பாட்டுக்கு "செடிக்கெல்லாம் தண்ணி விட்டாச்சும்மா, தையல் மெஷினை மூடி வெச்சாச்சு, பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கவலை முழுக்க வீட்டைப் பற்றித்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதைக் கேட்டுக்கொண்டே, வெடித்துப்போயிருந்த அம்மாவின் உதட்டில் வாசலின் தடவிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தால் அழுங்கள், அப்பா பார்க்காத அழுகையா?

கரிசல்காடு:
எல்லாம் சரி, ஒன்று சேர்க்கிறேன். பழைய மனஸ்தாபம் ஏதாவது இருந்து, அதைக் கடைசி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றினால் நீட்டி முழக்காதீர்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வழக்கை முதலிலிருந்து நடத்துவது, என்னைக் கேட்டால், அநியாயம். "மன்னிச்சுடுங்கப்பா, எனக்கும் ஒண்ணும் வருத்தமில்லை" என்றால் முடிந்தது. அண்ணன் வந்து சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நர்ஸிடம் கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டு அப்பா காதருகே வையுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

தெருவிளக்கு:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை கம்பியை இறக்கச் சொன்னேன், அவர்களே ஒரு நாற்காலியும் போட்டார்கள். அப்பாவின் பழைய ஸ்கூட்டரை நான் கீழே போட்ட கதையைச் சொன்னேன், வேறொன்றும் தோன்றவில்லை. வென்டிலேட்டர் குழாயை எடுப்பது பற்றி நாளை எங்களோடு பேசப்போகிறார்கள். எடுத்ததும் மூச்சு முட்டித் தவிப்பாரா? அம்மா அதைப் பார்க்கலாமா?

இரவுப்பணி:
எடுப்பதற்கு முன்பே மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மார்ஃபின் போன்ற மருந்து கொடுப்பார்கள், தவிப்பு தெரிந்தால் கூட்டுவார்கள். எந்த மருந்து, யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று நாளை நேராகக் கேளுங்கள். அப்புறம் சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம், சிலருக்கு நாள் கணக்கிலும் போகும். மூச்சு நின்றுவிட்டது போல இடைவெளி விட்டுத் திரும்ப வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கலாம், அது விழுங்க முடியாமல் தேங்கும் எச்சிலும் சளியும்தான், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் குறையும். கை கால் சில்லிடும், முட்டியில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். அம்மாவுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். மானிட்டர் சத்தத்தை அணைக்கச் சொன்னால் அணைப்பார்கள். நீங்கள் முகம் கழுவப் போன நேரத்திலேயே போய்விடவும் கூடும், நிறைய பேருக்கு அப்படி நடக்கிறது, அதனால் சாப்பிடாமல் கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.