மூச்சு இறங்கியது, நான் நிம்மதியானேன்

இரவுடியூட்டி, கிருஷ்ணகிரி:
குழந்தை பிறந்து ஐந்து நாள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து 108ல் வந்தது. பால் குடிக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 80. நிமோனியா என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ஏபிஜி (ரத்தத்தில் அமிலமும் வாயுக்களும் பார்க்கும் சோதனை): பிஎச் 7.08, பிசிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) 31, அமிலத்தைச் சமாளிக்கும் பைகார்ப் 9. அமிலம் கூடியிருக்கிறது, வேகமாக மூச்சு விட்டு, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிக் குழந்தை ஈடுகட்டுகிறது, சரிதான் என்று நினைத்தேன்.

டாக்டர் சீட்டின் ஓரத்தில் 9ஐ ஒன்றரையால் பெருக்கி 8ஐக் கூட்டினார். “பிசிஓ2 21, 22க்கு இறங்கியிருக்கணும் சிஸ்டர். 31ல் நிற்குதுன்னா பிள்ளைக்கு முடியலை.” திரும்பிப் பார்த்தால் மூச்சு 50, சோர்ந்துபோய்த்தான் குறைந்திருக்கிறது. ‘மூச்சு சீராகிறது’ என்று அரைமணி முன்பு சார்ட்டில் எழுதியவளே நான்தான். உடனே மூச்சுக்குழாயில் டியூப் போட்டார்கள். ஆனயான் கேப் (ரத்தத்தில் வேறு அமிலம் சேர்ந்திருப்பதைக் காட்டும் கணக்கு) 29, அம்மோனியாவும் அதிகம். அம்மா தாய்மாமனைக் கட்டியவர், அதனால் பிறவியிலேயே வந்த வளர்சிதைமாற்றக் கோளாறோ என்று சந்தேகம்.

லேப்காரன், தருமபுரி:
சிஸ்டர், முதலில் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். எங்களிடம் ஒன்று வந்தது: பிசிஓ2 34, பிஓ2 (ரத்தத்திலுள்ள ஆக்சிஜன்) 138. ஆக்சிஜனே வைக்காத பிள்ளை, காலில் கட்டிய ஆக்சிஜன் கருவியோ 82 சதவீதம்தான் காட்டுகிறது! சிரிஞ்சில் காற்றுக் குமிழி, அதுதான் அளவைப் புரட்டியது. மறுபடி குத்தினோம், அந்த அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிசிஓ2 52.

பாலக்கோட்டான்:
தம்பி, குமிழியால் பைகார்ப் 9க்கு வராது. குமிழி இருந்திருந்தால் நிஜமான பிசிஓ2 31க்கும் மேலே, அதாவது நிலைமை இன்னும் மோசம். ரத்தம் உறையாமலிருக்க சிரிஞ்சில் வைக்கும் ஹெபாரின் கூடினால் பிசிஓ2, பைகார்ப் இரண்டும் குறையும், உண்மை. ஆனால் பிஎச் 7.08 ஆகாது. அந்த ஒன்றரைக் கணக்கும் பச்சிளம் குழந்தைக்கென்று போட்டதல்ல, திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். என் கதை சின்னது: மூச்சு போதாத பிள்ளைக்குச் சோடா பைகார்ப் ஏற்றினேன், அடுத்த ஏபிஜியில் சிஓ2 எகிறியது. வெளியே விட வழியில்லாதபோது அது உள்ளேதானே தங்கும்? அதனால் முதலில் மூச்சுக்கு வழி, பிறகு மருந்து. குதிகாலில் எடுத்தால் சூடு காட்டி எடுங்கள், பிழியாதீர்கள், அதில் வரும் பிஓ2வை நம்பாதீர்கள். உடனே மெஷினில் போடுங்கள். வைத்திருந்தால் ரத்த அணுக்களே அமிலத்தை ஏற்றிவிடும். சீட்டில் ரத்தம் எடுத்த நேரம், குழந்தைக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவு இரண்டையும் எழுதுங்கள். இதை யாரும் எழுதுவதில்லை.

ஊத்தங்கரை அம்மா:
அந்தக் குழந்தை என்ன ஆச்சு சிஸ்டர்?

இரவுடியூட்டி, கிருஷ்ணகிரி:
விடியற்காலையில் பெங்களூருக்கு அனுப்பினோம். அத்திப்பள்ளி தாண்டியதும் ஆம்புலன்சிலிருந்து ஒருமுறை போன் வந்தது. அப்புறம் தகவல் இல்லை.